இண்டூர் வண்டிக்கு இந்தூர் கியர் பொருந்துமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பாதி சரித்திரம், பாதி கிரீஸ். ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல, ஒரு மாசமா கேட்டும் படிச்சும் சேர்த்தது. டீயை எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

பழைய அம்பாசடருக்கு கியர் பாக்ஸ் தேடிப் போனீங்கன்னா கடைக்காரர் கேக்குற முதல் கேள்வி, "எந்த வருஷ மாடல்?" என்பதுதான். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனா அம்பாசடரைப் பொறுத்தவரைக்கும் அதுக்கு நாம சொல்ற பதில் பெரும்பாலும் எதுக்கும் உதவாது. ஆர்.சி. புக்குல இருக்கிறது வண்டி பொறந்த வருஷம், அவ்வளவுதான். பானெட்டுக்குக் கீழ இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி ஜாதகம் உண்டு. அந்த ஜாதகத்தைப் படிக்கணும்னா இந்தியாவுல கார் செஞ்ச கதையையும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கு. பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குடா சரித்திரம்னு கேக்காதீங்க, காரணம் இருக்கு.

எங்க பெரியப்பா வண்டியையே எடுத்துக்கோங்க. வண்டி இருக்கிறது இண்டூர்ல. தெரியாதவங்களுக்கு: தர்மபுரியிலிருந்து பென்னாகரம், ஒகேனக்கல் போற ரோட்டுல வர்ற ஊர். ஒகேனக்கல்ல பரிசல் ஏறப் போனவங்க எங்க ஊரைத் திரும்பிக்கூடப் பாக்காம தாண்டிப் போயிருப்பீங்க :-) ஆர்.சி. புக் பிரகாரம் வண்டி 1977 மாடல், மார்க் 3, பெட்ரோல். ஆனா உள்ள ஓடுறது டீசல் இன்ஜின். முந்தின ஓனர் 80கள்ல மாத்தி, புக்குலயும் முறையா ஏத்தியிருக்கார். முன்பக்க கிரில் மார்க் 4-லேருந்து வந்தது. சீட்டு எங்கேருந்து வந்ததுன்னு பெரியப்பாவுக்கே தெரியாது. இப்ப சொல்லுங்க, இது எந்த வருஷ வண்டி?

வண்டிக்கு வந்த வியாதி, ரெண்டாவது கியர் நிக்க மாட்டேங்குது. ஏத்தத்துல ஒரு தொந்தரவும் இல்லை. இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்ததும் 'டொக்'னு நியூட்ரலுக்கு வந்துடும். தர்மபுரி வரைக்கும் போயிட்டு வர்றதுல இதை யாரும் பெருசா எடுத்துக்கல. ஆனா பெரியம்மாவுக்கு மாசம் ஒரு தடவை சேலத்துல டாக்டரைப் பாக்கணும். சேலம்னா நடுவுல தொப்பூர் கணவாய்.

தொப்பூரைப் பத்தி தர்மபுரிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கம் இறங்குற அந்தச் சரிவுல பாரம் ஏத்தின லாரி பிரேக் விட்டுச்சுன்னா முன்னாடி போற வண்டிகளோட கதி அவ்வளவுதான். 2024 ஜனவரி 24-ஆம் தேதி நாலு பேர் உயிரைக் குடிச்ச விபத்தோட வீடியோ உங்க வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். இந்த மாதிரி இறக்கத்துல சின்ன கியர்ல போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி இறங்கணும். வெறும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போனா டிரம் சூடாகி, கடைசியில மிதிச்சாலும் பிடிக்காது. அதனால பெரியப்பா ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருந்தார். ரெண்டாவது கியரைப் போட்டு, நழுவாம இருக்க இடது கையால லிவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டு இறங்குறது. வயசு எழுபத்தொண்ணு. பக்கத்துல பெரியம்மா. இதைக் கேள்விப்பட்ட அன்னைக்குத்தான் நான் கியர் பாக்ஸ் தேட ஆரம்பிச்சேன்.

ஓசூர்ல இருக்கிற அண்ணன் (பெரியப்பா பையன்) ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். "வித்துட்டு சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாம்ப்பா." பெரியப்பா பதிலே சொல்லல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார். அதுதான் பதில்.

விசாரிச்சதுல மூணு விதமான யோசனை வந்துது. ஒண்ணு, இஸுஸு அஞ்சு கியர் பாக்ஸை மட்டும் வாங்கி, நடுவுல லேத்துல கடைஞ்ச ஒரு தகடு வெச்சு மாட்டிடலாம். ரெண்டு, இஸுஸு இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஜோடியா மாட்டலாம். மூணு, பழைய ஹேண்ட் கியர் பாக்ஸே இன்னொண்ணு தேடலாம். மூணையும் சொன்னவங்க அனுபவஸ்தர்கள்தான். யார் சொல்றது சரின்னு முடிவு பண்ணத்தான் சரித்திரம் தேவைப்பட்டுது.

பெட்டி எங்கேருந்து வந்துது?

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் குஜராத்தோட ஓக்கா துறைமுகத்துல தொடங்கி, 1948-ல் கல்கத்தா பக்கத்து உத்தரபாராவுக்கு வந்த கம்பெனி. பிர்லா குடும்பத்தோடது. இங்கிலாந்தோட மோரிஸ் கார்களை இங்க வேற பேர்ல செஞ்சாங்க. மோரிஸ் ஆக்ஸ்போர்டு ரெண்டாவது வரிசை இங்க லேண்ட்மாஸ்டர் ஆச்சு. மூணாவது வரிசைதான் 1950கள் முடியற நேரத்துல அம்பாசடர்ங்கற பேர்ல வந்துது. கொஞ்ச நாள்லயே அதுக்குள்ள பி.எம்.சி. கம்பெனியோட 'பி' வரிசை இன்ஜின் உக்காந்துது. 1489 சிசி. அதோட சேர்ந்து நாலு கியர் பாக்ஸ்.

இந்தப் பெட்டிக்கு ஒரு பணக்காரச் சொந்தக்காரன் உண்டு. 1955-லேருந்து 1962 வரைக்கும் இங்கிலாந்துல வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரும் இதே 'பி' வரிசை இன்ஜினும் கியர் பாக்ஸும் வெச்சதுதான். அங்க மேல்மூடி இல்லாம பொண்ணு பக்கத்துல உக்கார பறந்த குடும்பம், இங்க வந்து முன்னாடி மூணு பேர், பின்னாடி அஞ்சு பேர், டிக்கியில நெல் மூட்டைன்னு இழுத்துது.

அந்தக் குடும்பத்துப் பெட்டியில ரெண்டு, மூணு, டாப் மூணுக்கும் சிங்க்ரோ உண்டு, ஃபர்ஸ்ட் கியருக்குக் கிடையாது. சிங்க்ரோன்னா, ரெண்டு பல்சக்கரம் சேர்றதுக்கு முன்னாடி ரெண்டோட வேகத்தையும் ஒண்ணாக்கிவிடற ஏற்பாடு. 1928-ல் அமெரிக்காவுல காடிலாக் கார்ல முதல்ல வந்துது. அதுக்கு முன்னாடி எல்லா கியருக்கும் டபுள் கிளட்ச்தான். சிங்க்ரோ இல்லாத ஃபர்ஸ்ட் கியரை ஓடுற வண்டியில போடணும்னா இன்னைக்கும் அதேதான், இல்லைன்னா 'கர்ர்ர்'. அதனால மலை இறக்கத்துல நம்பி இருக்கக்கூடியது ரெண்டாவது கியர்தான். எங்க வண்டியில கெட்டுப் போனதும் அதேதான்.

ஏன் நழுவுதுன்னா, ஏத்தத்துல இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுது. இறக்கத்துல சக்கரம் இன்ஜினைத் தள்ளுது. பல்லு மேல விழுற அழுத்தம் எதிர்ப்பக்கம் மாறிடும். கியரைப் பூட்டி வெக்கிற சின்னப் பல்லுங்க தேஞ்சு சாய்ஞ்சிருந்தா, அந்த எதிர் அழுத்தம் ஸ்லீவை வெளிய தள்ளிடும். அதை இடத்துல பிடிச்சு வெக்கிற பால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா கேக்கவே வேண்டாம்.

முப்பது வருஷமா ஏன் மாறல?

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்துது. வெளிநாட்டுச் சாமானைக் கொண்டுவந்து மாட்டி மட்டும் விக்கிற கம்பெனிகள், படிப்படியா இங்கேயே தயாரிக்கிற திட்டத்தைக் காட்டணும், இல்லைன்னா கிளம்பணும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. கார்னு மிஞ்சினது முக்கியமா மூணு பேர்: உத்தரபாராவுல ஹிந்துஸ்தான், பம்பாய்ல பிரீமியர், நம்ம மெட்ராஸ் வண்டலூர்ல ஸ்டாண்டர்டு. எத்தனை வண்டி செய்யலாம் என்பதுக்கு லைசென்ஸ், புது மெஷின் இறக்குமதிக்கு லைசென்ஸ். வாங்குறவன் வருஷக்கணக்குல காத்திருந்தான். போட்டியும் இல்லை, மாத்த வேண்டிய அவசியமும் இல்லை. மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4னு பேர் மாறிச்சு. மாறினது பெரும்பாலும் கிரில்லும் டேஷ்போர்டும். 1980 வாக்குல டீசல் அம்பாசடர் வந்தப்பவும் அது அதே 'பி' குடும்பத்து 1489 சிசி இன்ஜினோட டீசல் வடிவம்தான். 37 குதிரைசக்தி. இந்தியாவோட முதல் டீசல் கார் அதுதான்.

இந்த மாறாத் தன்மையை நாம நிறைய கிண்டல் பண்ணியிருக்கோம். நியாயம்தான், ஐம்பதுகள்ல டிசைன் பண்ணின காரை எண்பதுகள்ல க்யூவுல நின்னு வாங்க வெச்சது சாதாரணக் கொடுமை இல்லை. ஆனா அதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு. ஒரே பெட்டி முப்பது வருஷம் ஓடினதால, அதைப் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்ச கை ஊருக்கு ஊர் உருவாச்சு. எங்க பக்கத்துல ஒரு மேஸ்திரி இருக்கார். வயசு எழுபதுக்கு மேல. இங்கிலீஷ் மேனுவல் எதையும் படிச்சதில்லை. பெட்டியைக் கவுத்துப் போட்டுக் கையால ஷாஃப்டைச் சுத்தினார்னா எந்த பேரிங் போச்சுன்னு சத்தத்துலயே சொல்லிடுவார். எங்க பாஷையில சொல்லணும்னா முப்பது வருஷம் வெர்ஷனே மாறாத சாஃப்ட்வேர், அதனால எல்லாருக்கும் மனப்பாடம். புதுப்பேட்டைல வாங்கின சாமான் பென்னாகரத்துல உக்காரும், உக்கடத்துல வாங்கினது கல்கத்தாவுல உக்காரும்.

ஹேண்ட் கியர்னு நாம சொல்றது ஸ்டியரிங் தண்டுல இருக்கிற லிவரை. முப்பதுகளோட கடைசியில அமெரிக்காவுல ஃபேஷனான விஷயம் அது. தரையில லிவர் இல்லைன்னா முன்சீட்டு ஒரே பெஞ்சா இருக்கலாம், மூணு பேர் உக்காரலாம். வாடகை வண்டிக்கு அது ஒரு டிக்கெட் கூடுதல். ஆனா லிவருக்கும் பெட்டிக்கும் நடுவுல கம்பியும் புஷ்ஷும் வரிசையா இருக்கும். அந்தப் புஷ் தேஞ்சாலும் கியர் சரியா விழாது. மேஸ்திரி முதல் நாள் பெட்டியைத் தொடவே இல்லை. "முதல்ல அஞ்சு ரூவா வியாதியைப் பாப்போம் தம்பி, அப்புறம் ஐயாயிரம் ரூவா வியாதி"ன்னு புஷ் எல்லாத்தையும் மாத்திட்டு ஓட்டிப் பாக்கச் சொன்னார். அப்பவும் நழுவிச்சு. அதுக்கப்புறம்தான் பெட்டி இறங்கிச்சு.

இந்தூர் எங்க வருது?

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்ததும் ஆட்டம் மாறிச்சு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானோட இஸுஸுவைப் பிடிச்சுது. இன்ஜினும் கியர் பாக்ஸும் செய்ய மத்தியப் பிரதேசத்துல இந்தூருக்குப் பக்கத்துல பீதம்பூர்ல ஆலை வந்துது. முதல்ல கான்டெஸாவுக்கு, அப்புறம் 90களோட தொடக்கத்துல அம்பாசடருக்கு இஸுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கிடைச்சுது. 1817 சிசி, 75 குதிரைசக்தி, அஞ்சு கியர், தரையில லிவர், முன்னாடி தனித்தனி சீட்டு. 1991-ல் லைசென்ஸ் ராஜ்ஜியம் தளர்ந்து, 1993-ல் கார் தொழிலுக்கும் லைசென்ஸ் போச்சு. முப்பது வருஷமா ஒரே குடும்பமா இருந்த அம்பாசடர் ரெண்டு குடும்பமாப் பிரிஞ்சது இங்கதான். ஒண்ணு இங்கிலாந்து வம்சம், இன்னொண்ணு ஜப்பான் வம்சம். வெளியிலிருந்து பாத்தா ரெண்டும் ஒரே முகம். உள்ள ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

இன்னொரு சங்கதி. 2005-ல் அந்த பீதம்பூர் ஆலையையும், பெரிய வண்டிகளுக்கு டிரான்ஸ்மிஷன் செஞ்ச ஓசூர் ஆலையையும் பிரிச்சு ஏவிடெக்னு தனிக் கம்பெனி ஆக்கினாங்க. ஓசூர் 2004 வரைக்கும் எங்க தர்மபுரி மாவட்டம்தான். ஆக, ஒரு விதத்துல இந்தூரும் எங்களுக்கு உறவுதான்னு அண்ணன்கிட்ட சொன்னேன். ரசிக்கல :-(

இப்ப அந்த மூணு யோசனைக்கு வருவோம்.

முதல் யோசனை, தகடு வெச்சு இஸுஸு பெட்டி மாட்டுறது. கியர் பாக்ஸ் பொருந்துறதுன்னா நாலு போல்ட் ஓட்டை நேரா வர்றது மட்டும் இல்லை. கிளட்ச் பிளேட்டோட நடுப்பல்லு ஷாஃப்டோட பல்லுக்கு ஒத்துப் போகணும். ஷாஃப்டோட மூக்கு இன்ஜின் பக்கத்து பேரிங்ல சரியா உக்காரணும். பெட்டியோட நீளம் மாறினா ப்ரொப்பல்லர் ஷாஃப்டோட நீளமும் மாறணும். பின்னாடி தாங்குற இடம், ஸ்பீடாமீட்டர் கேபிள், கிளட்சை இழுக்குற விதம் எல்லாம் பாக்கணும். லேத்து வேலையில மையம் ஒரு நூலிழை விலகினாலும் பேரிங்கைத் தின்னுடும். இதைச் சரியா செய்யறவங்க இருக்காங்க. இங்கிலாந்துல எம்.ஜி.ஏ. வெச்சிருக்கறவங்க ஃபோர்டு சியராவோட அஞ்சு கியர் பெட்டியை மாட்டறாங்க. ஆனா அதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச ஹவுசிங், கிளட்ச் பிளேட்டு எல்லாம் அங்க ஒரே செட்டா விலைக்குக் கிடைக்குது. இங்க நம்மகிட்ட இருக்கிறது ஒரு கடைசல்காரரும் ஒரு சாக்பீஸும். அது போக, அஞ்சாவது கியர் நெடுஞ்சாலையில இன்ஜினை ஆசுவாசப்படுத்துறதுக்கு. 37 குதிரைசக்தி வண்டியில அதைப் போட்டா எங்க ஆசுவாசம்? தொப்பூர்ல நமக்கு வேண்டியது ரெண்டாவது கியர்.

ரெண்டாவது யோசனை, ஜோடியா மாட்டறது. பொறியியல்படி இதுதான் முறையானது, இன்ஜினும் பெட்டியும் ஒண்ணுக்கொண்ணு பொறந்தது. ஆனா ஆர்.சி.யில இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கு. இன்ஜின் மாறினா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு இதைத்தான் சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு இறுக்கிச் சொல்லிடுச்சு. ஐம்பது வயசை நெருங்குற வண்டியை வெச்சுக்கிட்டு அந்த வாசல்ல ஏறி இறங்க பெரியப்பாவுக்குத் தெம்பு இல்லை.

மூணாவதுதான் மிச்சம். கியர் பாக்ஸ் நம்பர் ஆர்.சி.யில இல்லை, அதனால அதே வம்சத்துப் பெட்டியை மாத்தறதுல சட்டச் சிக்கலும் இல்லை. தேடினோம். முதல்ல ஒரு கடையில "ஒரிஜினல் சார், அதிகம் ஓடாத பெட்டி"ன்னு ஒண்ணைக் காட்டினாங்க. மேஸ்திரி அங்கேயே மூடியைக் கழட்டச் சொல்லி, டார்ச் அடிச்சுப் பாத்தார். ரெண்டாவது கியரோட பூட்டுப் பல்லு எங்க வண்டியை விட மோசம். ஒண்ணும் சொல்லாம கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்துட்டார். ரெண்டு வாரம் கழிச்சு சேலம் பக்கத்துல கண்டம் பண்ணின ஒரு சொந்த உபயோக வண்டி கிடைச்சுது. பெட்ரோல், 1984. எங்களுது ஆர்.சி. படி 1977, இன்ஜின் டீசல். கடைக்காரர் கணக்குல சேராது. ஆனா வம்சம் ஒண்ணு. அந்தப் பெட்டியோட ரெண்டாவது கியரும் ஸ்லீவும் நல்லா இருந்துது, லே ஷாஃப்ட் பேரிங் போயிருந்துது. எங்க பெட்டியில அது தலைகீழ். ரெண்டு பெட்டியைப் பிரிச்சு ஒண்ணாக்கி, பால் ஸ்பிரிங் புதுசு போட்டு ஏத்தினார். மூணு நாள் வேலை. எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு சுத்தமான மெர்ஜ் எங்க ஆபீஸ்ல நடந்ததில்லை.

போன மாசம் பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டு சேலம் போனப்ப நான் பின்சீட்டுல இருந்தேன். தொப்பூர் இறக்கம் ஆரம்பிச்சதும் பெரியப்பா ரெண்டாவதுக்கு இறக்கினார். பழக்கதோஷம், இடது கை லிவரைப் பிடிச்சுக்கிட்டே இருந்துது. பாதி இறக்கத்துல பெரியம்மாதான், "விடுங்க, அதான் மாத்தியாச்சுல்ல"ன்னு சொன்னாங்க. கையை எடுத்து ஸ்டியரிங்ல வெச்சார். கீழ வரைக்கும் கியர் நின்னுது.

2014 மே மாசம் உத்தரபாரா ஆலையில வேலையை நிறுத்தினாங்க. 2017-ல் அம்பாசடர்ங்கற பேரை மட்டும் பிரான்ஸோட பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிச்சு. பேருக்கு விலை கிடைச்சுது. பெட்டியைப் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்ச கைகளை யாரும் விலை பேசல. அவங்க ஒவ்வொருத்தரா கடையை மூடிக்கிட்டு இருக்காங்க. எங்க மேஸ்திரிக்கு சிஷ்யன் யாரும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல, எந்தச் சாமான் எந்த வண்டியோட சேரும்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சிருக்கேன். இதுவரைக்கும் இருபத்தி ரெண்டு பக்கம் வந்திருக்கு.

உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். ஃபியட், ஹெரால்டு, ஜீப்புனு எதுல வேணா கைதேர்ந்தவரா இருக்கலாம். போய் உக்காந்து கேட்டு எழுதி வையுங்க மக்களே. உங்களுக்குக் கார் இல்லைன்னாலும் பரவாயில்லை.

பி.கு: பழைய பெட்டி வாங்கப் போறவங்களுக்கு மேஸ்திரி சொல்லச் சொன்னது மூணே மூணு. கடைக்காரர்கிட்ட வருஷத்தைச் சொல்லாதீங்க, எந்த இன்ஜின்னு சொல்லுங்க. கிளட்ச் பிளேட்டைக் கையோட கொண்டுபோய் ஷாஃப்டுல மாட்டிப் பாருங்க. மூடியைத் திறக்க விடாத கடையில நிக்காதீங்க.